இருபத்து மூன்று நாள் ஈரம்

தஸ்குதுக் எரிவாயு நிலையத்தில் சர்பினாஸ் போராடி வாங்கியவை இவை. மூன்றாவது தடவை மருத்துவக் குழுவின் முன் நின்று வாங்கிய தகுதிச் சான்று. முப்பத்தாறாம் எண் காலணி ஒரு ஜோடி; அதுவரை நிலையத்துக் கிடங்கில் நாற்பத்தொன்றுக்குக் குறைந்து ஒன்றும் இருந்ததில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை ஒன்று. கருவி அறையின் சாவி. அந்த அறையில் மேலங்கி மாட்ட ஓர் ஆணி, அதில் வேறு யாரும் தொப்பி மாட்டக் கூடாது என்ற உரிமையோடு சேர்த்து. வாயுவின் ஈரத்தைச் சோதிக்கும் கண்ணாடிக் கருவியைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக இயக்கும் அனுமதி.

அவளுடைய அண்ணன் ஜோல்மிர்சாவிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் மாதமும் வருடமும் சொல்வான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டு, அதே நிலையத்தில் பதினாறு வருடங்களாகக் குழாய் ஒட்டுகிறவன் அவன். ஒட்டிய இடத்தைச் சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்டு, சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்த பிறகுதான் தன் எண் முத்திரையைப் பக்கத்தில் குத்துவான். அவன் முத்திரை குத்திய ஒட்டு ஒன்றுகூட இதுவரை விட்டதில்லை. அதைப் பற்றி அவன் பேசுவது குறைவு. தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

நான்கு வயதில் தட்டம்மை வந்து சர்பினாஸின் வலது கண் போய்விட்டது. நுகுஸ் நகரில் இரண்டு வருடம் கருவித் தொழில்நுட்பம் படித்து முதல் மாணவியாக வந்தவளை, மருத்துவக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பியது.

மூன்றாவது தடவை போனபோது குழுத் தலைவர் கேட்டாராம்: "ரெண்டு கண்ணு இருக்கறவங்களே அங்க குழாய்ல முட்டிக்கிறாங்க. நீ ஒரு கண்ண வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப்போற?"

"கண்ணாடிக் கருவில எட்டிப் பாக்க ஒரே ஒரு ஓட்டைதான் டாக்டர் இருக்கு. ரெண்டு கண்ணு இருக்கறவங்க இன்னொண்ண மூடிக்கிட்டுத்தான் பாக்கறாங்க. எனக்கு அந்த வேல மிச்சம்."

இதை ஜோல்மிர்சா நிலையத்தில் சொல்லாத ஆள் இல்லை.

இவ்வளவு வாங்கியவளுக்குக் கிடைக்காதது ஒன்று இருந்தது. கையெழுத்து.

குழாயில் ஓடும் வாயுவில் கலந்திருக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வாயுவைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அந்தத் தண்ணீர் பனியாக வெளியே வந்து படியும். எந்தக் குளிரில் படிகிறதோ அதுதான் பனிநிலை. மைனஸ் பத்துக்குக் கீழே இருந்தால் வாயு நன்றாக உலர்ந்திருக்கிறது என்று பொருள். மேலே ஏறினால் ஈரம். உஸ்தியுர்த் மேட்டு நிலத்தின் குளிரில் அந்த ஈரம் குழாய்க்குள்ளேயே கட்டியாக உறைந்து வால்வை இறுக்கிவிடும். அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு வாயுத் தரச் சான்று ஒன்று எழுதி அடுத்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணை அளந்து எழுதுவது சர்பினாஸ். அடியில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது பிரிவுத் தலைவர் தாஜெத்தின். அவர் கருவி அறைப் பக்கம் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் அதிகம்.

கையெழுத்து உரிமை வேண்டுமென்றால் அக்டோபரிலிருந்து மார்ச் முடிய ஆறு மாதச் சோதனைக் காலம். ஒரு நாள்கூட விடாமல் அளந்திருக்க வேண்டும். பிறகு தலைமை ஆய்வகத்திலிருந்து வேரா கிம் தன் கருவியோடு வந்து ஒத்துப் பார்ப்பார். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அடுத்த அக்டோபர்.

அளப்பது ஓர் உணரி. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், நுனியில் பித்தளைத் தொப்பி. பெரிய குழாயிலிருந்து மாதிரிக் குழாய் என்ற மெல்லிய எஃகுக் குழாய் வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து, அழுத்தம் குறைக்கப்பட்டு, சுவரைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் வந்து அதைத் தொட்டுவிட்டுப் போகும். புது உணரி பொருத்தும் நாளில் சர்பினாஸ் கைக்குக் களிம்பு பூச மாட்டாள். கையுறையோடு, மூச்சுக்காற்று படாமல் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு திருகுவாள். அதன்பின் இரண்டு மணி நேரம் வாயுவை ஓடவிட்டு, எண் இறங்கி நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

"மத்தவங்க ஸ்க்ரூவ திருகுவாங்க. இவ தாலாட்டித் தூங்க வைக்கிறா," என்பார் தாஜெத்தின்.

அந்தக் குளிர்காலம் முழுதும் ஜோல்மிர்சா தன் வீட்டு நாள்காட்டியில் சோதனைக் கால நாட்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுவந்தான். அவன் மனைவிக்கு அது வேடிக்கை. "பரீட்ச அவளுக்கா ஒங்களுக்கா?" என்று கேட்பாள்.

ஜனவரியில் ஒரு சிக்கல் வந்தது. கண் பரிசோதனைக்காக ஒவ்வொரு ஜனவரியும் சர்பினாஸ் கோங்கிராட் நகருக்குப் போய்ப் பத்து நாள் மருத்துவக் குழுவின் வாசலில் உட்கார வேண்டும். அந்த நாட்களில் எண்ணைப் பார்த்து எழுதிவைப்பது பம்ப் அறைக்காரனின் வேலை; அதுவும் சோதனைக் கணக்கில் சேரும். அவள் போன மூன்றாம் நாள், மைனஸ் இருபத்தேழு டிகிரிக் குளிரில், அந்த எஃகுக் குழாய் சுவருக்கு வெளியே விரிசல் விட்டது. கிடங்கில் அதே அளவுக் குழாய் இல்லை. வசந்தத்தில்தான் வரும் என்றார்கள். அதுவரை உணரி நின்றால் சோதனைக் காலம் அன்றோடு அறுந்தது.

ஜோல்மிர்சா யோசித்தான். பழைய கருவிப் பலகையிலிருந்து கழற்றிய எஃகுத் துண்டுகள் மூன்று இருந்தன. ஆனால் அவற்றை இணைத்தால் நான்கு இடத்தில் இணைப்பு வரும், நான்கு இடத்தில் கசியலாம். அவனிடம் பிரிக்காத ஆக்சிஜன் ஹோஸ் ஒன்று இருந்தது. தடித்த நீல ரப்பர். தன் வெல்டிங் டார்ச்சுக்கென்று எடுத்து வைத்திருந்தது. ஆக்சிஜனையே விடாத குழாய் வேறு எதை விடப்போகிறது? இரண்டரை மீட்டர் அளந்து வெட்டினான். ஒரே நீளம், நடுவில் இணைப்பே இல்லை. பொருத்திவிட்டு மூன்று தடவை சோப்புத் தண்ணீர் பூசினான். ஒரு குமிழிகூட வரவில்லை. குளிர் தாக்காமலிருக்க அதைச் சுற்றி ஆட்டுரோமக் கம்பளியை இறுக்கச் சுற்றி, கோணி ஊசியால் தையல் போட்டான். தையல்கள் அத்தனை சீராக இருந்தன, பார்த்தவர்கள் அவன் மனைவி தைத்தது என்று நினைத்தார்கள்.

தாஜெத்தினிடம் சொன்னான். அவர் "போடு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் 'மாதிரிக் குழாய் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதினார்.

சர்பினாஸ் திரும்பி வந்ததும் கம்பளியைத் தடவிப் பார்த்தாள். "ஒங்க வேலையா அகா?" அண்ணனையும் மூத்த ஆண்களையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஒடஞ்சிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

அண்ணன் சரி செய்ததாகச் சொன்னால் அவள் அதைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. எண்ணும் பழையபடியே நின்றது. மைனஸ் பதினான்கு, சில நாள் பதிமூன்றரை. ஜனவரி போனது. பிப்ரவரி போனது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி பனி உருக ஆரம்பித்தது. மேட்டு நிலம் முழுதும் சேறு. காலையில் மூடுபனி, மத்தியானம் சாரல். அன்றைக்கு எண் மைனஸ் பதினொன்று. மறுநாள் ஒன்பது. அந்த வாரக் கடைசியில் ஆறு.

வாயு ஈரமாகிவிட்டது என்று நிலையம் முழுதும் பரபரப்பு. உலர்த்தும் கோபுரத்தில் இருந்தவர்கள் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் திரவத்தைக் கூட்டிக் கூட்டி விட்டார்கள். எண் அசையவில்லை. அடுத்த நிலையத்திலிருந்து தினமும் தொலைபேசி. சர்பினாஸ் வடிகட்டியை மாற்றினாள். உணரியைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டாள். அதுவும் ஆறு. கண்ணாடிக் கருவியை எடுத்துப் பார்க்கலாம் என்றால், அதைக் குளிரவைக்கும் புட்டி காலியாக இருந்தது. ரயிலில்தான் வரவேண்டும்.

வசந்தப் புத்தாண்டான நவ்ருஸ் அன்று எல்லோரும் பெரிய கொப்பரையைச் சுற்றி நின்று கோதுமைக் கூழ் கிண்டினார்கள். அவள் போகவில்லை. அண்ணி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பின்னாலேயே மீசையைத் துடைத்தபடி தாஜெத்தின் வந்தார்.

"கோபுரத்துக்காரனுங்க என் கழுத்துல உக்காந்துருக்கானுங்க. வாயு நல்லாத்தான் இருக்கு, கருவிதான் சரியில்லைங்கறானுங்க. நீ என்ன சொல்ற?"

"உணரிய மாத்திட்டேன் அகா. வடிகட்டியும் மாத்திட்டேன்."

"அப்போ பாக்கறதுக்கு இன்னொரு கண்ணு வேணும்போல." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு, "கூழு ஆறுது, குடி," என்று கிண்ணத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

இது ஜோல்மிர்சாவின் காதுக்கு வந்தது. அவன் தாஜெத்தினின் காருக்கு வாக்குக் கொடுத்திருந்த புகைபோக்கி ஒட்டு வேலையை ஒரு மாதம் தள்ளிப்போட்டான். அவனுக்குத் தெரிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி குளிர்விக்கும் புட்டி வந்தது. வேரா கிம் ஐந்தாம் தேதி வருவதாகச் செய்தியும் வந்தது. சர்பினாஸ் கண்ணாடிக் கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே பெரிய குழாயின் அடிவால்வுக்குப் போனாள். மண்டியிட்டு, இடது கண்ணை ஓட்டையில் வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தாள். மைனஸ் ஆறில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பத்திலும் அப்படியே. பதினான்கில்தான் மூச்சு ஊதியதுபோல ஒரு மங்கல் வட்டம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி. மூன்று தடவையும் பதினான்கு.

வாயு உலர்ந்துதான் இருந்தது. ஈரம் வழியில் எங்கோ சேர்ந்துகொண்டிருந்தது.

அவள் வெல்டிங் கொட்டகைக்கு வந்தபோது ஜோல்மிர்சா முகமூடியைத் தூக்கிவிட்டான்.

"அகா, மாதிரிக் குழாய்ல ஏதோ இருக்கு."

"அதுல ஒண்ணும் இருக்காது. என் கையால போட்டது. மூணு தடவ சோப்பு போட்டுப் பாத்தேன்."

"நீங்க போட்டது எஃகுதானே?"

ஜோல்மிர்சா கையுறையைக் கழற்றினான். "ஆக்சிஜன் ஹோஸ். புத்தம் புதுசு. ஒரு சொட்டு கசியாது."

சர்பினாஸ் கேட்டாள்: "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கண் பரிசோதன முடிஞ்சு வந்திருந்தே. இதுக்கும் கவலப்படணுமான்னு நெனச்சேன்."

"வாங்க," என்றாள்.

சுவருக்கு வெளியே அவள் சின்னக் கத்தியால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். கம்பளி சாரலைக் குடித்துக் கனத்துப்போயிருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. உள்ளே நீல ரப்பர் வியர்த்ததுபோல மினுங்கியது. அதைத் துடைத்து, காற்றாட விட்டுவிட்டு இருவரும் அறைக்குள் போய் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மைனஸ் ஆறு எட்டானது, பிறகு ஒன்பது.

"குளிர் மாறிருக்கும்," என்றான் ஜோல்மிர்சா.

அவள் தன் துண்டை வெந்நீரில் நனைத்து எடுத்துப்போய் ரப்பரைச் சுற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இருபது நிமிடத்தில் எண் மறுபடி ஈரத்தின் பக்கம் ஏற ஆரம்பித்தது. மைனஸ் எட்டு. ஏழு. ஐந்து.

"நடக்காது சர்பி. உள்ள இருக்கற வாயு வெளிய தள்ளுது. தள்ளுற எடத்துல தண்ணி எப்படி உள்ள போகும்? அப்படியே போறதுன்னா குமிழி வரணும்ல?"

"கோங்கிராட் சந்தையில பஸ்ஸு வந்து நிக்கறப்போ பாத்திருக்கீங்கல்ல. எல்லாரும் எறங்கிட்டு இருப்பாங்க. அந்த நெரிசல்லயே மூட்டையோட ஒரு அம்மா ஏறும். எறங்கற கூட்டம் அந்தம்மாவ என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. அது பாட்டுக்கு ஏறிடும்."

"தண்ணியும் அப்படித்தான். வாயு வாயுவத்தான் தள்ளுது. உள்ள ரொம்ப உலர்ந்துருக்கு, வெளிய ஈரம். ரப்பர்ல ஊறி ஊறி அது உள்ள வந்துடும். எஃகுல வராது. ஜனவரில காத்துல ஈரமே இல்ல, ரப்பரும் வெறச்சிக் கெடந்துச்சு. அதனால தெரியல."

ஜோல்மிர்சா எழுந்துபோய் அந்தக் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தான். பதினாறு வருடம் அவன் நம்பியது சோப்புக் குமிழியை. அது பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் அதனிடம் கேட்டது வேறு கேள்வி.

மறுநாள் காலையில் கழித்துப் போட்டிருந்த மூன்று எஃகுத் துண்டுகளையும் எரிசாராயம் விட்டுக் கழுவி, இணைத்து, வளைத்து, பத்து மணிக்குப் பொருத்திவிட்டான். நான்கு இணைப்பு. மத்தியானம் எண் மைனஸ் பதினான்கில் வந்து நின்றது.

தாஜெத்தின் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். "நாளைக்கு அந்தம்மா வருது. பதினாலு காட்டும், அதோட கருவியும் பதினாலு காட்டும். முடிஞ்சுது. யாரும் எதையும் எழுத வேண்டாம்."

"இருபத்து மூணு நாள் தப்பான எண்ணு போயிருக்கு அகா," என்றாள் சர்பினாஸ்.

"போனது போச்சு. அதுல இருக்கறது என் கையெழுத்து, ஒன்னுது இல்ல. ஒனக்கு என்ன?"

அவர் போன பிறகு அவள் காகிதம் எடுத்து எழுதினாள். எழுதியதை அண்ணனிடம் நீட்டினாள். ஜோல்மிர்சா விரல் வைத்து வரிவரியாகப் படித்தான். 'மாதிரிக் குழாயில் ஏற்பட்ட குறைபாட்டால்' என்று இருந்த இடத்தில் விரல் நின்றது.

"என்ன குறைபாடு? எத்தன மீட்டர்? எந்தத் தேதி? யார் போட்டா? ஒண்ணுமே இல்லையே இதுல."

"பேர் போட்டா ஒங்க முத்திரைய வாங்கிடுவாங்க."

"நான் ஒட்டுன ஒவ்வொண்ணுலயும் என் நம்பரு இருக்கு. நல்லா வந்ததுக்கு மட்டுமா குத்துவேன்? எழுது. ரப்பர் ஹோஸ், ரெண்டரை மீட்டர், ஜனவரி பதினேழு, வெல்டர் ஜோல்மிர்சா. கம்பளி சுத்துனதையும் எழுது."

அவள் எழுதினாள். அதன் கீழே அவன் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தாள்: 'ஜனவரி இருபத்து நான்கில் வேலைக்குத் திரும்பிய நான் இந்தக் குழாயைப் பிரித்துப் பார்க்கவில்லை.'

"இது எதுக்கு? அந்தம்மா இத வச்சே ஒன்ன திருப்பி அனுப்பிடும்."

"அனுப்பட்டும். நீங்க சொன்னீங்கன்னு நம்புனேன். நம்பறது வேற, பாக்கறது வேற. நான் பாக்கறதுக்குத்தானே இருக்கேன்."

ஜோல்மிர்சாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அந்த வரியில் அடிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனதும் நாள்காட்டியைப் பார்த்தான். மார்ச் முடிந்தும் கிம் வரும்வரை என்று போட்டுவந்ததையும் சேர்த்து நூற்று எண்பத்துச் சொச்சம் பென்சில் கோடுகள். அன்றைக்கு அவன் கோடு போடவில்லை.

வேரா கிம் ஐம்பது வயதுக்காரர், குள்ளம், பெரிய பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வருபவர். அளந்தார். பதினான்கு புள்ளி இரண்டு. சர்பினாஸின் கருவி பதினான்கு. தாஜெத்தின் தேநீருக்கு அழைத்தார். அதற்குள் சர்பினாஸ் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டாள்.

கிம் இரண்டு தடவை படித்தார். "இது இல்லாம இருந்தா நீ தேறிருப்பே. தெரியுமா?"

"தெரியும், வேரா நிகோலாயெவ்னா," என்றாள் சர்பினாஸ், தந்தை பெயரையும் சேர்த்து மரியாதையாக.

"ரெண்டு மாசமா ஒன் கருவிக்கு முன்னாடி என்ன குழாய் இருக்குன்னு ஒனக்குத் தெரியல. இப்படி ஒரு ஆளுக்கு நான் ஏன் கையெழுத்து குடுக்கணும்?"

சர்பினாஸ் காகிதத்தைக் காட்டினாள். "இப்ப தெரியும். அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

வாசலில் நின்றிருந்த ஜோல்மிர்சா தொண்டையைக் கனைத்தான். "மேடம், ஹோஸு போட்டது நான். அவ ஊர்ல இல்ல."

"அதுவும் இதுல இருக்கு. படிச்சேன்," என்றார் கிம். "அந்த ஹோஸ் இன்னும் இருக்கா?"

இருந்தது. கிம் அதை மறுபடி மாட்டச் சொன்னார். ஈரத்துண்டைச் சுற்றச் சொன்னார். எண் ஏறுவதை நாற்பது நிமிடம் நின்று பார்த்தார். தேநீர் அவர் கையிலேயே ஆறியது. பிறகு ஹோஸைக் கழற்றிச் சுருட்டித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க ஆய்வகப் பசங்களுக்குக் காட்டணும். புத்தகத்துல எல்லாரும் படிச்சிருக்கானுங்க, ஒருத்தனும் பாத்ததில்ல." பெட்டியைப் பூட்டியபடியே சேர்த்தார்: "அந்த இருபத்து மூணு நாளுக்கும் திருத்தச் சான்று எழுதி வை. முடிவு ஆணையா வரும்."

முதலில் வந்தது ஜோல்மிர்சாவுக்கான ஆணை. அவன் முத்திரை ஆறு மாதத்துக்குத் திரும்பப் பெறப்பட்டது. அவன் ஒட்டுவதை வேறு ஒருவர் பார்த்து முத்திரை குத்த வேண்டும். முத்திரையைத் துணியில் சுற்றி ஒப்படைத்துவிட்டு வந்து வழக்கம்போல சோப்புத் தண்ணீர் கலக்கினான்.

திருத்தச் சான்று கருவி அறை மேசையிலேயே கிடந்தது. தாஜெத்தின் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "என் பேர நானே அடிச்சுக்கணுமா?" என்றார்.

கிம் வந்துபோய் இரண்டு வாரத்தில் அடுத்த ஆணை வந்தது. சர்பினாஸுக்குக் கையெழுத்து உரிமை. தஸ்குதுக் நிலையத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும். கீழே கிம் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: முதலில் திருத்தச் சான்றில் போடவும்.

தாஜெத்தின் ஆணையை வாசித்துக் காட்டிவிட்டுத் தன் பேனாவையே நீட்டினார். "சரி, இனிமே தொலைபேசியும் ஒனக்குத்தான் வரும். சந்தோஷப்படு."

"எடுப்பேன் அகா," என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார்.

ஜோல்மிர்சா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். இருபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் பழைய எண் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டு, 'அளவீடு செல்லாது' என்று எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ரப்பர் குழாயும், கம்பளியும், அவன் பெயரும், அவள் பார்க்காமல் விட்டதும் இருந்தன. அவன் எல்லா வரியையும் எண்ணிப் பார்த்து, தேதிகளைச் சரிபார்த்து, "போடு," என்றான். பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் தன் பெயரை முழுதாக எழுதினாள், சுருக்காமல், ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி. பக்கத்தில் தேதி போட்டாள்: 2012 ஏப்ரல் 19, வியாழக்கிழமை.